ஜிகினா மினுங்கும் பச்சை மை... ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாச்சியின் புதுக் கையெழுத்து!

"குலுக்காம திறந்துராதீங்க அம்மாச்சி!"

பேத்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதற்குள் அம்மாச்சி மூடியில் கை வைத்துவிட்டார். இரண்டு நாளாக அலமாரியில் அசையாமல் இருந்த கண்ணாடிப் புட்டி. மேலே கருநீலமும் பச்சையும் கலந்த மை. அடியில், கஷாயத்தில் மண்டி தங்குமே, அந்த மாதிரி ஒரு படலம். ஆனால், அந்த மண்டி தங்க நிறத்தில் இருந்தது.

"கெட்டுப்போன மையை உன் தலையில கட்டிட்டான்டி. பாரு, திரிஞ்சு அடியில உக்காந்திருக்கு" என்றார் அம்மாச்சி.

பேத்தி வந்து புட்டியை வாங்கி, மூடியை இறுக்கி, மெதுவாக மேலும் கீழுமாக நாலு தடவை கவிழ்த்தாள். மண்டி கலைந்தது. ஆற்று மணலில் வெயில் விழுந்ததுபோல, புட்டிக்குள் தங்கப் பொடி சுழன்று சுழன்று மேலே வந்தது. அம்மாச்சி மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

மதுரையில் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் நடந்த காட்சி இது. அம்மாச்சி, அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி, கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். "பேரெல்லாம் எதுக்கு?" என்று இருவருமே சொல்லிவிட்டதால், இந்தக் கட்டுரையில் அவர்கள் அம்மாச்சியும் பேத்தியுமாகவே இருக்கட்டும்.

டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் பேத்தி வாங்கிய மை அது. விலையைக் கேட்டதும், "அரை மாச மளிகைக் காசுடி இது" என்று அம்மாச்சி அதிர்ந்தார். ஊற்றுப் பேனா பிரியர்கள் மத்தியில் பெயர் பெற்ற மை. பிரான்ஸ் நாட்டு ஜே. ஹெர்பின் நிறுவனத்தின் தயாரிப்பு. பெயர், 'எமரால்ட் ஆஃப் சிவோர்'. சிவோர் என்ற ஊரின் மரகதம்!

பேத்தி இத்தனை நிறம் இருக்கப் பச்சையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அம்மாச்சிதான்.

பச்சை மைக்கு இருந்த மரியாதை

செல்போனும் ஸ்கேனரும் வராத காலத்தில் தமிழ்நாட்டில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும், பச்சை மையின் மகிமை. மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்தால் மட்டும் போதாது. 'கெஜட்டட் ஆபீஸர்' ஒருவர் அதைப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் அடித்துத் தர வேண்டும். தாசில்தார் ஆபீஸ் வாசலில் காத்திருப்பதைவிட, அரசு மருத்துவரையோ, உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரையோ பிடிப்பது எளிது. அதனால் தேர்வு அறிவிப்பு வரும் மாதங்களில் தலைமை ஆசிரியர்கள் வீட்டு வாசலில் சைக்கிள்கள் நிற்கும்.

"காலையில கோலம் போட வெளிய வந்தா நாலு பேரு நிப்பாங்க. பல்லு கூட வெளக்கியிருக்க மாட்டேன்" என்று சிரிக்கிறார் அம்மாச்சி.

உண்மையில், கெஜட்டட் அதிகாரி என்றால் பச்சை மைதான் என்பது பெரும்பாலும் பழக்கத்தில் வந்தது. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டைப் புரட்டினால், கோப்புகளில் நீலம் அல்லது கறுப்பு மையைத்தான் பொதுவாகப் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. இணைச் செயலாளர் மற்றும் அதற்கு மேற்பட்ட பதவியில் இருப்பவர்கள் மட்டும், அதுவும் அபூர்வமாக, பச்சையையோ சிவப்பையோ தொடலாம். ஆனால் ஊர்ப்புறத்தில் கையேட்டையா பார்த்தார்கள்? நீல மையில் அட்டெஸ்ட் செய்து கொடுத்தால், "சார், பச்சையில இல்லையா?" என்று திருப்பிக் கொண்டுவந்து நீட்டியவர்கள் நிறைய.

2014-ல் மத்திய அரசு, நமக்கு நாமே சான்றொப்பமிட்டுக்கொள்ளும் முறையை ஊக்குவிக்கத் தொடங்கியது. அதன் பிறகு வாசலில் சைக்கிள்கள் குறைந்தன. பச்சை மைப் புட்டிகள் மேஜை இழுப்பறையில் காய்ந்தன.

பச்சை மையைப் பிடித்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. பிரிட்டனின் ரகசிய உளவு அமைப்பான எம்.ஐ.6-க்கு முதல் தலைவராக இருந்த மான்ஸ்ஃபீல்டு கம்மிங், 'சி' என்ற ஒற்றை எழுத்தைப் பச்சை மையில் எழுதிக் கையெழுத்திடுவார். அவருக்குப் பின் வந்த தலைவர்களும் அதே எழுத்தையும் அதே நிறத்தையும் தொடர்கிறார்கள். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா கவிதைகளைப் பச்சை மையில்தான் எழுதினார். நம்பிக்கையின் நிறம் அது என்பது அவர் எண்ணம். அதே பிரிட்டனில் பத்திரிகை ஆபீஸ்களுக்குப் பச்சை மையில் கடிதம் வந்தால், 'கிறுக்குப் பிடித்த ஆசாமி எழுதியிருப்பார்' என்று ஒதுக்குகிற கேலியும் இருந்தது. ஒரு நிறத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு ஜாதகம்!

சைக்கிளில் வந்த பையன்

அம்மாச்சியின் பச்சைக் கையெழுத்துக்குச் சொந்தமான பேனா இன்றும் இருக்கிறது. எபோனைட்டில் கடைந்த கனமான கறுப்புப் பேனா. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தினால் கிடைப்பதுதான் எபோனைட். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இன்றும் லேசாகக் கந்தக வாசம் வருகிறது. இந்தப் பேனாக்களுக்குத் தென்னிந்தியாவில் ஒரு மரபே உண்டு. காந்தியின் சுதேசி அழைப்பைக் கேட்டு ராஜமுந்திரியில் பிறந்த ரத்னம் பேனா அந்த வழியில் வந்ததுதான். நம் திருவள்ளூரில் இன்றைக்கும் எபோனைட் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துக் கையால் பேனா செய்து, வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

அம்மாச்சிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது, அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது அந்தப் பேனா. நீல மையைத் தொட்டதே இல்லை. பச்சை மட்டும்தான். சொந்தக் கடிதத்துக்கோ, கடைக் கணக்குக்கோ அதை எடுத்ததும் இல்லை.

"அது சர்க்கார் பேனா. வீட்டுக் கணக்கு எழுத பால்பாயின்ட் போதும்."

ஒரு சாயங்காலத்தை மட்டும் அம்மாச்சி மறக்கவில்லை. அவரிடம் படித்த பையன் ஒருவன், மறுநாள் அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தோடு சைக்கிளில் வந்தான். கையில் ஜெராக்ஸ் மட்டும்தான் இருந்தது. அசல் மதிப்பெண் பட்டியல் அவன் படித்த கல்லூரியில் இருந்தது. அசலைப் பார்த்துச் சரிபார்த்தேன் என்பதற்குத்தானே சான்றொப்பம்? அசல் இல்லாமல் கையெழுத்து முடியாது என்று சொல்லிவிட்டார் அம்மாச்சி. பையன் கெஞ்சவில்லை. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். அந்த விண்ணப்பம் போகவே இல்லை.

"விதிப்படி நான் செஞ்சது சரிதான். இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். ஆனா, அவன் மார்க்கு எனக்கே தெரியும்டி. நான் சொல்லிக்கொடுத்த பையன். பேனா இந்தா, இந்த மேசையிலதான் இருந்துச்சு" என்கிறார்.

பிறகு அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய், கல்யாணப் பத்திரிகையோடு வந்து காலில் விழுந்து கும்பிட்டுவிட்டும் போயிருக்கிறான். அன்று நடந்தது பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மரகதச் சுரங்கமும் பாரீஸ் மைக்கடையும்

மைக்கு வருவோம். ஜே. ஹெர்பின் பாரீஸில் 1670-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். ஹெர்பின் ஒரு மாலுமி, கப்பலில் பலமுறை இந்தியாவுக்கு வந்தவர், இங்கிருந்து கற்றுக்கொண்டு போன அரக்குச் செய்முறையை வைத்துத்தான் முத்திரை அரக்கு வியாபாரத்தை ஆரம்பித்தார் என்பது அந்த நிறுவனம் தன் வரலாறாகச் சொல்லிக்கொள்வது. தபால் ஆபீஸில் பார்சல் தையலின் மேல் உருக்கி ஊற்றுவார்களே, அந்தச் சிவப்பு அரக்கு! அதனால்தானோ என்னவோ, இந்த மைப் புட்டியின் மூடியையும் அரக்கில் தோய்த்துத்தான் அனுப்புகிறார்கள். அம்மாச்சிக்குப் புட்டியில் முதலில் பிடித்தது அந்த மூடிதான்.

1670 என்ற பெயரிலேயே நிறுவனம் ஒரு மை வரிசை கொண்டுவந்தது. அதில் 2015-ல் வந்தது இந்தப் பச்சை.

பெயருக்குக் காரணமான சிவோர், தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் மலைப்பகுதியில் இருக்கிறது. ஸ்பானியர்கள் 16-ம் நூற்றாண்டில் வருவதற்கு முன்பே அங்கே முயிஸ்கா மக்கள் மரகதம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் சுரங்கத்தைப் பிடுங்கிக்கொண்டு, மண்ணின் மக்களையே அடிமைகளாக இறக்கி வேலை வாங்கினார்கள். 1675-ல் சுரங்கம் மூடப்பட்டது. காடு வளர்ந்து, சுரங்கம் இருந்த இடமே மறைந்துபோனது. ஏறக்குறைய 200 வருடங்களுக்கு மேல் யாருக்கும் இடம் தெரியவில்லை.

மறுபடி கண்டுபிடித்த கதைதான் சுவாரஸ்யம். ஃபிரான்சிஸ்கோ ரெஸ்ட்ரெப்போ என்ற சுரங்கப் பொறியாளர், பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றில் அந்த இடத்தைப் பற்றிய குறிப்பைப் படித்தார். மலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதன் வழியே பார்த்தால் தூரத்தில் சமவெளி தெரியும், அப்படிப்பட்ட இடத்தில்தான் சுரங்கம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த இடைவெளியைத் தேடிக் காட்டில் அலைந்தவர், 1896-ல் சுரங்கத்தைக் கண்டுபிடித்தார்.

பேத்தி இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது அம்மாச்சி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்போ 200 வருஷமா அந்த மை அழியாம இருந்திருக்கு. இந்த ஜிகினா மை அவ்வளவு நாள் இருக்குமா?"

இருக்காது. அதைப் பேத்தி ஒப்புக்கொண்டாள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மைகள் காகிதத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய பேனா மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைந்த சாயம். ஈரம் பட்டால் ஓடும், வெயில் பட்டால் மங்கும். பளபளப்பு மை வாங்கும் யாரும் அதைப் பத்திரத்திலோ, காசோலையிலோ, பரீட்சைத் தாளிலோ பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

தங்கமா, காக்காப்பொன்னா?

"நிஜத் தங்கமா இது?"

வேதியியல் மாணவி சிரித்தாள். "காக்காப்பொன் அம்மாச்சி."

கிராமத்துப் பிள்ளைகள் பாறை இடுக்கில் பொறுக்கி விளையாடும், ஏடு ஏடாக உரியும் மினுமினுப்பான கல்தான் காக்காப்பொன். பாடப்புத்தகத்தில் அப்பிரகம், கடையில் மைக்கா. இதை மெல்லிய செதில்களாக்கி, அதன் மேல் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் கண்ணுக்குத் தெரியாத கனத்தில் பூசினால், தங்கம், வெள்ளி, செம்பு என்று விதவிதமாக மின்னும். கார் பெயின்டிலும் கண் இமைச் சாயத்திலும் மினுமினுப்பது பெரும்பாலும் இதுதான். பளபளப்பு மைகளிலும் பொதுவாக இந்த வகைத் துகள்களைத்தான் கலக்கிறார்கள்.

சாயம் தண்ணீரில் கரையும். செதில் கரையாது, மிதந்துகொண்டுதான் இருக்கும். தண்ணீரைவிடக் கனம் என்பதால் அசையாமல் வைத்தால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அம்மாச்சி பார்த்த 'மண்டி' அதுதான். எனவே, ஒவ்வொரு முறை மை ஊற்றும்போதும் புட்டியைக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். இருமல் மருந்தைப்போல ஆவேசமாகக் குலுக்கினால் நுரைதான் வரும்.

முதல் பரீட்சை நல்ல பேனாவில் இல்லை. பேத்தி கொண்டுவந்திருந்த, உடல் முழுக்கக் கண்ணாடிபோலத் தெரியும் மலிவான பிளாஸ்டிக் பேனாவில். உள்ளே தங்கத்துகள் சரிந்து ஓடுவதைப் பார்க்கவே அம்மாச்சி அதை நாலு தடவை கவிழ்த்துப் பார்த்தார்.

காகிதம் மாறினால் மையே மாறிவிடுகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மளிகைக் கடையில் வாங்கிய கோடு போட்ட நோட்டில் எழுத்தின் ஓரம் பூரான் கால்போலப் பரவியது. பின்பக்கத்தில் ஊறி இறங்கியது. பச்சை, மங்கிய பாசி நிறமாகத் தெரிந்தது. ஆனாலும் வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது, அங்கங்கே தங்கப் புள்ளிகள் கண் சிமிட்டின. ஜெராக்ஸ் தாளில் கொஞ்சம் தேவலை. வங்கி கொடுத்த டைரியின் வழவழப்பான தாளில் நிறம் எழும்பி நின்றது.

கடைசியாக, பேத்தி கோப்புக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஜப்பானியத் தாள்கள் ஐந்தில் ஒன்றை எடுத்தாள். தோமோ ரிவர் என்று பெயர். வெங்காயத் தோல் கனம்தான். ஆனால், மையை உறிஞ்சாமல் மேலேயே நிறுத்தி வைக்கும். அதில் எழுதிய எழுத்து காய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. காய்ந்த பிறகுதான் வேடிக்கை. எழுத்தின் நடுவில் நீலப்பச்சை. மை தேங்கிய இடங்களில், ஓரங்களில், குங்குமச் சிவப்பு! அதற்கு மேல் தங்கப் பொடி.

"ஏடி, இது மயில்கழுத்துப் பட்டுல்ல!"

சரியான உவமைதான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த பட்டில், மடிப்புக்கு மடிப்பு வண்ணம் மாறும். மையில் நடப்பதற்குக் காரணம் வேறு. சாயம் அதிகமாகச் சேர்ந்து காகிதத்தின் மேல் பரப்பிலேயே படலமாகக் காயும்போது, அந்தச் சாயம் எந்த நிற ஒளியை அதிகமாக விழுங்குகிறதோ, அதே நிறத்தையே படலத்தின் மேற்பரப்பு கண்ணாடிபோல எதிரொளிக்கும். நீலப்பச்சைச் சாயம் சிவப்பை விழுங்குவது. அதனால் சாய்த்துப் பார்த்தால் சிவப்பு தெரிகிறது. காகிதம் மையை உறிஞ்சிவிட்டால் படலமும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆக, நல்ல தாள் இல்லாமல் இந்த மையை மட்டும் வாங்குவது, பட்டுப்புடவையை வாங்கிப் பீரோவிலேயே வைப்பதற்குச் சமம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெயரில்தான் மரகதம். எழுத்தில் இது ராமர் பச்சையும் இல்லை, கிளிப்பச்சையும் இல்லை, நீலம் தூக்கலான பச்சை. அசல் பச்சைதான் வேண்டும் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் டயமைன் நிறுவனம், வெள்ளி மினுங்கும் அடர்பச்சையில் 'மேஜிக்கல் ஃபாரஸ்ட்', தங்கம் மினுங்கும் இளம்பச்சையில் 'கோல்டன் ஓயாசிஸ்' என்று இரண்டு மைகளை விற்கிறது.

மறுநாள் காலை நின்றுபோன தங்கம்

அன்று ராத்திரி மெல்லிய முள் கொண்ட இன்னொரு பேனாவிலும் மையை நிரப்பி, சட்டைப்பையில் குத்துகிற மாதிரி முள் மேலே பார்க்க டம்ளரில் நிறுத்தி வைத்துவிட்டுத் தூங்கினாள் பேத்தி. காலையில் எழுதினால் வெறும் பச்சை. தங்கத்தைக் காணோம். பேனாவைக் கவிழ்த்து முள் கீழே பார்க்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தங்கம் வந்தது. அள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு வரி எழுதுவதற்குள் மை அடைத்து நின்றும்போனது.

முள்ளுக்கு அடியில் வரிவரியாகச் சீப்புபோல ஒரு கட்டை இருக்கிறது அல்லவா? அதில் முடி கனத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை விசையால்தான், மை அந்த வாய்க்கால் வழியே முள்ளுக்கு வருகிறது. செதில்கள் அங்கே போய் உட்கார்ந்தால் வாய்க்கால் தூர்ந்துவிடும். கண்மாய்க்கு வரும் கால்வாயில் மணல் அடைத்த மாதிரி. அகலமான முள்ளும், தாராளமாக மை விடும் கட்டையும் உள்ள பேனா என்றால் செதில்கள் வெளியே வந்துவிடும். மெல்லிய முள் பேனாவுக்கு இந்த மை ஒத்துவராது. பேனாவைப் படுக்கவைத்து வைப்பதும், எழுதும் முன் ஒரு முறை புரட்டிவிடுவதும் உதவும்.

அடைத்த பேனாவைப் பேத்தி கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாச்சி உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய எபோனைட் பேனாவை எடுத்து வந்தார்.

"இதுல ஊத்து."

பேத்திக்குக் கை வரவில்லை. "அடைச்சுக்கிச்சுன்னா? தாத்தா வாங்கிக் கொடுத்த பேனா அம்மாச்சி. வேணாம்."

அவளுடைய பயம் நியாயமானதுதான். பழைய பேனாக்களில் உள்ளே ரப்பர் பை வைத்தவை, நெம்புகோல் வைத்தவை, பிஸ்டன் வைத்தவை எல்லாம் உண்டு. அவற்றில் பளபளப்பு மையை ஊற்றிவிட்டால் உள்ளே ஒளிந்துகொள்ளும் செதிலை எடுப்பது பெரும்பாடு. பிரித்துக் கழுவ முடியாத எந்தப் பேனாவிலும், அதுவும் திரும்பக் கிடைக்காத பேனாவில், இந்த மையை ஊற்றவே கூடாது.

ஆனால், இந்தப் பேனா அந்த வகை இல்லை. பில்லரால் நேரடியாக உடலுக்குள் மை ஊற்றுகிற பழைய மாடல். உள்ளே பையும் இல்லை, பம்ப்பும் இல்லை. அம்மாச்சி பேனாவை வாங்கினார். உடலைத் திருகிக் கழற்றினார். ஒரு துணியால் முள்ளையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்து, நேராக இழுத்தார். இரண்டும் கையோடு வந்தன. நாலே துண்டு.

"இருபது வருஷம் மாசத்துக்கு ஒரு தடவை இதைக் கழட்டிக் கழுவுனவ நான். எனக்குத் தெரியாதா?"

முள்ளும் மெல்லிய முள் இல்லை. இருபது வருடம் ரப்பர் ஸ்டாம்புக்கு மேல் பெரிய கையெழுத்துப் போட்டுத் தேய்ந்த, அகலமான முள். பேத்தி புட்டியைக் கவிழ்த்துக் கலக்கினாள். அம்மாச்சி பில்லரால் உறிஞ்சி, முழுக்க நிரப்பாமல், பாதிக்கும் குறைவாக ஊற்றினார்.

முதலில் ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. பெயருக்குக் கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே தேதி. முத்திரைக்கு என்று இடப்பக்கம் காலி இடமும் விட்டிருந்தார். கையெழுத்து முழுக்கத் தங்கம் மினுங்கியது.

"ஆபீஸ் சீல் எங்க அம்மாச்சி?" என்றாள் பேத்தி.

அம்மாச்சி பதில் சொல்லவில்லை. ஜப்பானியத் தாளில் இன்னொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேசையைச் சன்னல் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றரைப் பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை பேனாவைப் புரட்டிப் புரட்டி வைத்தார். மை ஒருமுறைகூட நிற்கவில்லை. பேத்தி எட்டிப் பார்த்தபோது தாளைக் கையால் மறைத்துக்கொண்டார்.

கடிதம் யாருக்கு என்பது உறையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முகவரி திண்டுக்கல். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்திலிருந்து கிழித்து வைத்திருந்த முகவரி. சைக்கிளில் வந்த அந்தப் பையனுக்கு. அவனுக்கே இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

உறையின் மேல் முகவரியை மட்டும் நீல பால்பாயின்ட் பேனாவில் எழுதினார். "தபால்காரர் மழையில கொண்டு போவாரு. உன் மை கரைஞ்சிரும்." கடிதத்தின் கடைசியில் பெயர் மட்டும் இருந்தது. கோடு இல்லை, தேதி இல்லை, பதவி இல்லை.

பேனாவை அன்றைக்கே கழுவிவிட வேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். இரண்டு வாரம் வரை விட்டுவைக்கலாம் என்றாலும், இந்த மைக்கு அவ்வப்போது கழுவுவதே பாதுகாப்பு. வெந்நீர் மட்டும் கூடாது. எபோனைட்டின் கறுப்பு அதில் மங்கிப் பழுப்பாகிவிடும். பச்சைத் தண்ணீரில் நாலு துண்டுகளையும் போட்டு, கட்டையின் வரிகளைப் பழைய மென்மையான பல் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை மாற்றினாள். கட்டையின் வரி ஒன்றில் மட்டும் ஒற்றைத் தங்கச் செதில் வரமாட்டேன் என்றது. "கெடக்கட்டும் விடு" என்றார் அம்மாச்சி.

கழுவிய தண்ணீர் இருந்த எவர்சில்வர் டம்ளரை முற்றத்து வெயிலில் வைத்திருந்தார்கள். சாயம் மேலே நிற்க, தங்கம் வட்டமாக அடியில் தங்கியிருந்தது. அம்மாச்சி அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இந்த டம்ளரை இனிமே காபிக்கு எடுக்காத" என்று சொல்லிவிட்டு, உறையில் தபால்தலை ஒட்ட உள்ளே போனார்.